பாகப் பட்டியலை ரிலேஷனல் தரவுத்தளத்தில் வைத்தால் தாங்குமா?

பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளைக் கவனித்துவரும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: 40,000 பாகங்களும், எந்தப் பாகம் எதற்குள் எத்தனை போகிறது என்று சொல்லும் மூன்று லட்சம் உறவுகளும் போஸ்ட்கிரெஸ் என்ற ரிலேஷனல் தரவுத்தளத்தில் (தரவை அட்டவணைகளாக வைப்பது) இருக்கின்றன, பின்னாளில் டீலர்களின் தொடர்பு வலையையும் அதில் சேர்க்க வேண்டியிருக்கும், இவையெல்லாம் கிராஃப் வடிவத் தரவு (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்டது), ரிலேஷனல் தரவுத்தளத்தில் இவற்றைச் சேமிக்கவே கூடாது, தனியாக ஒரு கிராஃப் தரவுத்தளம் வாங்குங்கள் என்று ஓர் ஆலோசகர் சொல்லியிருக்கிறார், அது சரியா? கேள்வி சேமிப்பைப் பற்றியதாக இருந்தாலும் உங்கள் கவலை அங்கே இல்லை என்று நினைக்கிறேன். ஒரு பாகத்திலிருந்து தொடங்கி ஐந்தாறு படிகள் இறங்கியோ ஏறியோ விடை எடுக்கும்போது அது சரியாக வருமா, நேரத்துக்கு வருமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் விடை வேறு வேறு என்பதால் தனித்தனியாக எழுதுகிறேன்.

சேமிப்பைப் பற்றி ஐயமே வேண்டாம். ரிலேஷனல் மாதிரியை முன்வைத்து எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையிலேயே உங்கள் அட்டவணை இருக்கிறது. ஒரு பாகம், அது சேரும் இன்னொரு பாகம், ஒன்றுக்கு எத்தனை தேவை என்ற எண்ணிக்கை ஆகிய மூன்று புலங்கள் கொண்ட ஒரு ரிலேஷனை, அதாவது அட்டவணையை, அவர் அதில் எடுத்துக்காட்டாகத் தருகிறார். கிராஃப் மொழியில் சொன்னால் அதுவே விளிம்பு அட்டவணை. ஒவ்வொரு பதிவும் ஒரு முனையிலிருந்து (இங்கே ஒரு பாகம்) மற்றொரு முனைக்குச் செல்லும் ஒரு விளிம்பு (இணைப்பு). இன்னும் பின்னே போனால், ஐபிஎம் நிறுவனம் 1966-இல் ஐஎம்எஸ் என்ற படிநிலைத் தரவுத்தளத்தை உருவாக்கத் தொடங்கியதே அப்போலோ திட்டத்தின் சாட்டர்ன் 5 ராக்கெட்டுடைய பாகப் பட்டியலைச் சமாளிப்பதற்காகத்தான். பாகப் பட்டியலுக்கு அட்டவணை ஒத்துவராது என்று சொல்பவர் இந்த வரலாற்றைத் தாண்டி வந்துதான் அதைச் சொல்ல வேண்டும்.

அளவையும் பார்த்துவிடலாம். போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவின் தலைப்புப் பகுதிக்கு 24 பைட், பக்கத்துக்குள் (தரவைச் சேமிக்கும் துண்டு) அந்தப் பதிவைச் சுட்டும் குறிக்கு 4 பைட். 8 பைட் எண்களாக இரண்டு முனைகளையும், அவற்றோடு எண்ணிக்கைப் புலத்தையும் வைத்தால் ஒரு விளிம்புக்கு 52 பைட் ஆகிறது. இரு திசைக்கும் ஒவ்வோர் இண்டெக்ஸ் (வேண்டிய பதிவை விரைவில் கண்டெடுக்க உதவும் துணைப் பட்டியல்) வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்புக்கு 28 பைட் போகும். மொத்தம் 108 பைட். மூன்று லட்சம் விளிம்புகளுக்கு, பக்கங்களில் விடப்படும் வெற்றிடத்தையும் சேர்த்துக்கொண்டாலும், ஏறத்தாழ 40 எம்பி. ஒரு கோடி விளிம்புகள் இருந்தால்கூட ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும். உங்கள் கிராஃப் முழுவதும் எப்போதும் சர்வரின் நினைவகத்திலேயே கிடக்கும் என்பது இதன் பொருள். வேகத்தைப் பற்றிய வாதங்களில் பாதி இங்கேயே வலுவிழந்துவிடுகிறது.

இரு திசைக்கும் இண்டெக்ஸ் என்று சொன்னதை வலியுறுத்த விரும்புகிறேன். 'இந்தப் பம்புக்குள் என்னென்ன இருக்கிறது' என்பது ஒரு திசை. 'இந்த பேரிங் எந்தெந்தப் பம்புகளில் போகிறது' என்பது மறுதிசை. தாய்ப் பாகம், சேய்ப் பாகம் என்ற வரிசையில் பிரைமரி கீ (பதிவை அடையாளம் காட்டும் புலங்கள், இண்டெக்ஸும் உடன் வரும்) வைத்தவர்கள் முதல் கேள்விக்கு உடனடி விடையைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு முழு அட்டவணையும் வாசிக்கப்படுவது தரவு பெருகிய பிறகே கண்ணில் படும். ஃபாரின் கீ (ஒரு புலத்தின் மதிப்பு குறிப்பிட்ட அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) வைத்தால் இண்டெக்ஸும் தானாக வந்துவிடும் என்று மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தின் பழக்கத்தில் இருப்பவர்கள் நம்புவதுண்டு. அங்கே இன்னோடிபி என்ற அதன் சேமிப்புப் பகுதி அதைச் செய்துகொடுக்கிறது, போஸ்ட்கிரெஸ் செய்வதில்லை.

அட்டவணைகளை எப்படிப் பிரிப்பது என்பதில் மாறுபட்ட கருத்துகள் உண்டு, என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லா முனைகளுக்கும் ஒரே அட்டவணை, எல்லா விளிம்புகளுக்கும் ஒரே அட்டவணை, வகையைக் குறிக்க ஒரு புலம், மீதியெல்லாம் ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) என்ற பொது வடிவம் பார்ப்பதற்கு அழகாக இருக்கும்; கிராஃப் தரவுத்தளத்தின் நகல் போலவும் தோன்றும். உங்கள் நிலையில் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். பாகம் பாகத்தோடுதான் சேர வேண்டும், டீலர் டீலரோடுதான் தொடர்பு கொள்ள வேண்டும் என்ற விதிகளை ஃபாரின் கீ கொண்டு காக்கும் வசதி அதில் போய்விடுகிறது. அதோடு, தரவுத்தளம் வினவலை, அதாவது அதனிடம் கேட்கப்படும் கேள்வியை, நிறைவேற்றத் திட்டமிடுவதற்காகச் சேகரிக்கும் புள்ளிவிவரத்தில், சேய்ப் பாகங்கள் பத்து பதினைந்தே உள்ள பம்பும், நூற்றுக்கணக்கான தொடர்புகள் உள்ள டீலரும் ஒரே புலத்தில் கலந்து, திட்டம் யாருக்கும் பொருந்தாமல் போகிறது. உறவின் வகைகள் முன்கூட்டியே தெரிந்தவையாகவும் சிலவாகவும் இருக்கும்போது ஒவ்வொரு வகைக்கும் தனி அட்டவணை வையுங்கள். வகைகள் தினமும் பயனரால் புதிதாக உருவாக்கப்படும் இடங்களில் பொது வடிவம் தவிர்க்க முடியாதது. உங்கள் தொழிற்சாலையில் அந்த நிலை இல்லை.

இனி நடைக்கு, அதாவது விளிம்புகள் வழியே முனைக்கு முனை செல்வதற்கு, வருவோம். ஆலோசகரின் கூற்றில் உண்மை இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. எத்தனை படிகள் என்று முன்கூட்டித் தெரியாமல் ஒரு முனையிலிருந்து சென்றடையக்கூடிய எல்லா முனைகளையும் கண்டுபிடிப்பதை ரிலேஷனல் அல்ஜீப்ராவால் (அட்டவணைகளை வடிகட்டவும் இணைக்கவும் உள்ள கணித மொழி) வெளிப்படுத்த முடியாது என்று கணினி அறிவியலாளர்கள் ஏஹோவும் உல்மனும் 1979-இல் நிறுவினார்கள். அந்தக் குறையை நீக்கத்தான் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லின் 1999 தரநிலையில் ரிகர்சிவ் வினவல் (தன் விடையையே எடுத்து மீண்டும் ஓடுவது) சேர்க்கப்பட்டது. தரவுத்தளங்கள் அதை மெதுவாகவே ஏற்றுக்கொண்டன: எஸ்க்யூஎல் சர்வர் 2005-இலும், போஸ்ட்கிரெஸ் 2009-இலும், எஸ்க்யூலைட் 2014-இலும், மைஎஸ்க்யூஎல் 2018-இலும். 'எஸ்க்யூஎல்லில் கிராஃப் நடக்காது' என்ற பேச்சு பலருக்கு அந்த இடைவெளிக் காலத்தில் படிந்த அனுபவத்திலிருந்து வருகிறது.

ரிகர்சிவ் வினவல் வேலை செய்யும் விதம் எளிமையானது. தொடக்க முனை முதல் சுற்றின் விடை. ஒவ்வொரு சுற்றிலும், அதற்கு முந்தைய சுற்றில் கிடைத்த பதிவுகளை மட்டும் விளிம்பு அட்டவணையோடு ஜாயின் செய்து (பொருந்தும் பதிவுகளை இணைத்து) அடுத்த படியை எடுக்கிறது. புதிதாக எதுவும் கிடைக்காத சுற்றில் நிற்கிறது. சுற்றுகளின் விடைகளைச் சேர்க்கும் இடத்தில் யூனியன் என்று எழுதலாம், யூனியன் ஆல் என்றும் எழுதலாம். முன்னது, முன்பே கிடைத்த பதிவு மறுபடி வந்தால் கழித்துவிடும். பின்னது எதையும் கழிக்காது. இந்த ஒரு சொல்லில்தான் பாகப் பட்டியல் எழுதுபவர்கள் சறுக்குகிறார்கள்.

ஒரு பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு பக்கத்துக்கு ஒரு ஃபிளாஞ்சு, வெளியேற்றுப் பக்கத்துக்கு வேறொரு ஃபிளாஞ்சு. இரண்டும் தனித்தனிப் பாக எண்கள். ஒவ்வொன்றிலும் அதே வகை போல்ட் 4. ஒரு பம்புக்கு 8 போல்ட் வேண்டும் என்பது கடைநிலைத் தொழிலாளிக்கும் தெரியும். வினவல் முதல் படியில் இரண்டு ஃபிளாஞ்சுகளையும் எடுக்கிறது. இரண்டாம் படியில் 'போல்ட், 4' என்ற பதிவு ஒரு வழியாகவும், 'போல்ட், 4' என்ற அதே பதிவு மறு வழியாகவும் வருகிறது. நீங்கள் யூனியன் என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று கழிந்துபோய், கூட்டுத்தொகை 4 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. கொள்முதல் பிரிவு பாதி போல்ட்டை வாங்கிவைக்கும். ஃபிளாஞ்சுகளில் ஒன்றுக்கு 6 போல்ட் என்றிருந்தால் பதிவுகள் வேறுபட்டு, விடை சரியாகவே வந்துவிடும். ஆகையால் சோதனையில் தப்பிவிட்டு உற்பத்தியில் வெளிப்படும் தன்மையுடையது இது. பாகப் பட்டியலில் படிதோறும் எண்ணிக்கையைப் பெருக்கி, வழிதோறும் கூட்ட வேண்டும். ஆகவே அங்கே யூனியன் ஆல்தான் சரி.

டீலர் வலையில் இதற்கு நேர்மாறு. அங்கே உங்கள் கேள்வி 'இந்த டீலரிடமிருந்து யார் யாரைச் சென்றடையலாம்' என்பது. எத்தனை வழிகளில் என்பது பொருட்டல்ல. அந்த வலையில் சுழற்சிகள் நிச்சயம் இருக்கும். அவர் இவரை அறிவார், இவர் அவரை அறிவார். யூனியன் ஆல் எழுதினால் வினவல் நிற்கவே நிற்காது. முனையின் எண்ணை மட்டும் வெளியிடும் யூனியன் எழுதினால், சென்ற இடத்துக்கு மறுபடி செல்லாமல் தானாக நின்றுவிடும். இதில் 'எத்தனையாவது படி' என்ற புலத்தையும் சேர்த்துவிட ஆசை வரும். சேர்த்தால் ஒரே முனை ஒவ்வொரு சுற்றிலும் வேறு படி எண்ணோடு புதிய பதிவாகத் தெரியும். எதுவும் கழியாது, சுழற்சியில் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் இயல்பாக 1,000 சுற்றுகளிலும், எஸ்க்யூஎல் சர்வரில் 100 சுற்றுகளிலும் பிழை காட்டி நின்றுவிடும். போஸ்ட்கிரெஸில் அப்படி ஒரு வரம்பு இல்லை. வட்டு நிரம்பும்வரை ஓடும்.

சுழற்சியைத் தடுக்க, கடந்து வந்த முனைகளை ஒரு வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போய், அதில் ஏற்கெனவே இருக்கும் முனையை ஒதுக்குவது பரவலான வழக்கம். போஸ்ட்கிரெஸ் 14 இதற்கென்றே தனி இலக்கணத்தைத் தருகிறது. அது நிற்கும் என்பது உறுதி. எப்போது நிற்கும் என்பது வேறு கேள்வி. ஒரு முனையிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்து அடுத்த முனையில் சேரும் வைர வடிவங்கள் 20-ஐச் சங்கிலியாகக் கோத்துப்பாருங்கள். மொத்தம் 61 முனைகள், 80 விளிம்புகள். ஒரு காகிதத்தில் வரைந்துவிடலாம். ஆனால் முதல் முனையிலிருந்து கடைசி முனைக்கு 10,48,576 வழிகள் உண்டு, வழியை நினைவில் வைக்கும் வினவல் அத்தனையையும் ஒவ்வொன்றாக நடந்து பார்க்கும். முனையை மட்டும் வைத்த யூனியன் 61 பதிவுகளோடு முடித்துவிடும். கிராஃப் வினவல் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை, சென்றடைவதை மட்டும் கேட்க வேண்டிய இடத்தில் எல்லா வழிகளையும் எண்ணச் சொல்லியிருந்த வினவல்களே. கிராஃப் தரவுத்தளத்திலும் அதே கேள்வியை அதே விதமாகக் கேட்டால் அதே பெருக்கம்தான்.

உங்கள் பாகப் பட்டியலிலும் துணைத் தொகுப்புகள் பல இடங்களில் மீண்டும் மீண்டும் வருமானால் இந்தப் பெருக்கம் எட்டிப்பார்க்கும். உற்பத்தித் திட்டமிடலில் இதற்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு, லோ லெவல் கோட் (low-level code) என்பார்கள். ஒவ்வொரு பாகமும் எல்லாப் பொருள்களிலும் சேர்த்துப் பார்க்கையில் எவ்வளவு ஆழத்தில் வருகிறதோ, அந்த ஆகப் பெரிய ஆழத்தை அதன் படி எண்ணாகக் குறித்துவைக்க வேண்டும். பிறகு படி வாரியாக, மேலிருந்து வந்த தேவைகளையெல்லாம் கூட்டி முடித்த பின்பே அந்தப் பாகத்தை விரிக்க வேண்டும். ஒவ்வொரு விளிம்பும் ஒரே முறைதான் தொடப்படும். இதை ஒரு தற்காலிக அட்டவணையும் படிக்கு ஒரு சாதாரண வினவலுமாக எழுதிவிடலாம்.

மரவடிவத் தரவுக்கென்று சொல்லப்படும் மற்ற உத்திகள், அதாவது இடம் வலம் எண்ணிடும் நெஸ்டட் செட், பாதையையே சரமாக எழுதிவைக்கும் எல்ட்ரீ, எல்லா மூதாதை உறவுகளையும் முன்கூட்டியே விரித்துவைக்கும் குளோஷர் அட்டவணை ஆகியவை, ஒரு பாகத்துக்கு ஒரே தாய் என்ற நிலையில் நன்றாகப் பொருந்தும். உங்கள் போல்ட்டுக்கு ஆயிரம் தாய்கள் இருப்பதால் முதல் இரண்டையும் மறந்துவிடலாம். மூன்றாவது சாத்தியம்தான், ஆனால் ஒரு விளிம்பை நீக்கும்போது அதனால் உண்டான உறவு வேறு வழியிலும் இருக்கிறதா என்று பார்த்தே நீக்க வேண்டும் என்பதால், வாசிப்பு மிக அதிகமாகவும் மாற்றம் மிகக் குறைவாகவும் இருந்தால் மட்டுமே அந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

ரிகர்சிவ் வினவலுக்கு உண்மையான ஓர் எல்லை இருக்கிறது. போஸ்ட்கிரெஸில், வினவலின் சுற்றுதோறும் மீண்டும் ஓடும் பகுதிக்குள், பல பதிவுகளிலிருந்து ஒரே மதிப்பைத் திரட்டும் சார்புகளை (மிகச் சிறிய மதிப்பு, கூட்டுத்தொகை போன்றவை) பயன்படுத்த முடியாது. இதுவரை இந்த முனைக்குக் கிடைத்த வழிகளில் மிகக் குறைந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதறு என்பதுதான் மிகக் குறுகிய பாதை காணும் முறைகளின் உயிர்நாடி. அதை இங்கே நேரடியாகச் சொல்ல இடமில்லை. அப்போது சேமிப்பு அங்கேயே இருக்கட்டும், நடையை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். சாலை வலையமைப்புகளுக்குப் பயன்படும் பிஜிரௌட்டிங் என்ற போஸ்ட்கிரெஸ் நீட்சி இதைத்தான் செய்கிறது: விளிம்புகளைத் தரும் ஒரு வினவலை வாங்கி, அவற்றை நினைவகத்தில் கிராஃபாகக் கட்டி, மிகக் குறுகிய பாதை காணும் டைக்ஸ்ட்ரா முறையை அங்கே ஓட்டி, விடையைப் பதிவுகளாகத் திருப்பித் தருகிறது. 40 எம்பி கிராஃபுக்கு இதைவிடப் பெரிய ஏற்பாடு தேவையில்லை.

மிகப் பெரிய அளவில் ரிலேஷனல் சேமிப்பு தாங்குமா என்பவர்களுக்குப் பொதுவெளியில் உள்ள இரண்டு சான்றுகள் போதும். பேஸ்புக் தன் சமூக வலையமைப்பைக் கையாளும் டாவோ என்ற அமைப்பை 2013-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டது. அதன் அடியில் நிரந்தரச் சேமிப்பாக இருந்தது மைஎஸ்க்யூஎல். ட்விட்டர் 2010-இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஃப்ளாக்டிபியும் மைஎஸ்க்யூஎல் மீதே கட்டப்பட்டு, ஒவ்வொரு விளிம்பையும் இரு திசைகளிலும் எழுதிவைத்தது. இவற்றைக் காட்டி 'ரிலேஷனலே எல்லாவற்றுக்கும் போதும்' என்று வாதிடுவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டுமே ஒரு முனையின் நேரடி அண்டை முனைகளின் பட்டியலை வேகமாகத் தருவதற்காக அமைக்கப்பட்டவை. பல படிகள் நடப்பது அவற்றின் நோக்கமே இல்லை. சேமிப்பு ஒரு கேள்வி, நடை வேறொரு கேள்வி என்று நான் சொல்வதற்கு இவையே சாட்சி.

கிராஃப் தரவுத்தளம் எங்கே வேகமாகிறது? நியோ4ஜே போன்றவற்றில் ஒரு முனையின் பதிவிலேயே அதன் விளிம்புகளுக்கான சுட்டி இருக்கிறது. அடுத்த முனைக்குச் செல்ல இண்டெக்ஸைத் தேட வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸில் 8 கேபி பக்கம் ஒன்றில் மேலே சொன்ன இண்டெக்ஸ் பதிவுகள் 250-க்கு மேல் அடங்கும் என்பதால், ஒரு கோடி விளிம்புகளுக்கு இண்டெக்ஸின் உயரம் மூன்று அடுக்கு. ஆக, ஒரு தாவலுக்கு ஒரு சுட்டியா, நினைவகத்தில் மூன்று பக்க வாசிப்பா என்பதே வித்தியாசம். ஒவ்வொரு கேள்விக்கும் சில நூறு தாவல்கள் என்றால் பயனர் இதை உணரவே மாட்டார். கோடிக்கணக்கான தாவல்கள் என்றால் உணர்வார். ஆயிரம் மடங்கு வேகம் என்பது போன்ற விளம்பர எண்களைப் பொறுத்தவரை, இண்டெக்ஸ் எப்படி இருந்தது, தரவு நினைவகத்தில் இருந்ததா, வினவல் யார் எழுதியது என்று தெரியாமல் அவற்றுக்கு நான் மதிப்புத் தருவதில்லை. 'மூன்று படிக்கு மேல் போனால் கிராஃப் தரவுத்தளம்' என்ற பொதுவிதியும் அப்படித்தான். படியைவிட, ஒரு முனைக்கு எத்தனை அண்டைகள் என்பது முக்கியம். ஆளுக்கு 50 தொடர்புகள் என்றால் மூன்று படியில் 1,25,000 வழிகள், நான்காம் படியில் 62.5 லட்சம். உங்கள் பாகப் பட்டியல் பத்துப் படி இறங்கினாலும் இந்த அளவை நெருங்காது. டீலர் வலை நான்கே படியில் நெருங்கிவிடலாம்.

எஸ்க்யூஎல்லின் 2023 தரநிலையில் ஒரு புதிய பகுதியே கிராஃப் வினவலுக்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இருக்கும் அட்டவணைகளின் மேல் இவை முனைகள், இவை விளிம்புகள் என்று அறிவித்துவிட்டு, பாதையின் வடிவத்தை வரைவதுபோல எழுதிக் கேட்கலாம். ஆரக்கிள் 23ஏஐ இதை ஆதரிக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் 2017-இலிருந்தே தன் சொந்த இலக்கணத்தில் இதை ஒத்த வசதியைத் தந்துவருகிறது. எழுதும் வசதி பெருகும் என்பது உறுதி. வேகம் பெருகுமா என்பது ஒவ்வொரு தரவுத்தளமும் அதை உள்ளே எப்படி நிறைவேற்றுகிறது என்பதைப் பொறுத்தது. அடியில் நடப்பது பெரும்பாலும் அதே ஜாயின்தான்.

மேலே நான் சொன்னதெல்லாம் ஒரே சர்வரில் அடங்கும் தரவுக்கு. பல சர்வர்களில் பிரித்துவைக்கப்பட்ட கிராஃபுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தா. உங்களுக்கு அந்தத் தேவை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஆகவே போஸ்ட்கிரெஸிலேயே இருங்கள். டீலர் வலை வந்த பிறகு, பயனர் காத்திருக்கும் திரையில் நான்கைந்து படி தாண்டிய கேள்விகள் தினசரி வேலையாகவே ஆகிவிட்டால், உங்கள் தரவையும் உங்கள் கடினமான மூன்று நான்கு வினவல்களையும் வைத்து இரண்டிலும் ஓட்டிப் பார்த்து அந்த வலையை மட்டும் நகர்த்தலாம். அப்போதும் பாகப் பட்டியலை நகர்த்தக் காரணம் இருக்காது; இந்த போல்ட் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இந்த ஃபிளாஞ்சில் சேர்கிறது என்ற விவரத்தை விளிம்புப் பதிவிலேயே தேதி வரம்பாக வைத்து, வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தரவுத்தளமே காக்கும்படி செய்யும் வசதி போஸ்ட்கிரெஸில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பாகப் பட்டியலில் சுழற்சி இருக்கவே கூடாது. ஒரு பாகம் சுற்றிவளைத்துத் தன்னையே உள்ளடக்க முடியாது. யூனியன் ஆல் எழுதிய வினவல் அந்த உறுதியை நம்பியே நிற்கிறது. புதிய விளிம்பு சேரும்போது, சேய்ப் பாகத்திலிருந்து இறங்கிப் போனால் தாய்ப் பாகம் வருகிறதா என்று டிரிகர் (தரவு மாறும்போது தானாக ஓடும் நிரல்) ஒன்று பார்த்து மறுக்கலாம். ஆனால் இருவர் ஒரே நேரத்தில், ஒருவர் அ-வை ஆ-வுக்குள்ளும் மற்றவர் ஆ-வை அ-வுக்குள்ளும் சேர்த்தால், இரு டிரான்ஸாக்ஷன்களும் (ஒரே வேலையாக முடியும் மாற்றத் தொகுதிகள்) மற்றதன் இன்னும் முடியாத மாற்றத்தைக் காணா. இரண்டு சோதனைகளும் தேறிவிடும், இரண்டும் முடிந்த பிறகு சுழற்சி உள்ளே இருக்கும். பாகப் பட்டியலை மாற்றும் டிரான்ஸாக்ஷன்களை சீரியலைசபிள் நிலையில் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற விடையை உறுதிசெய்வது) ஓட்டுங்கள், அல்லது தொடக்கத்திலேயே அந்த அட்டவணைக்கு ஒரு லாக் (பூட்டு) எடுத்து ஒவ்வொன்றாக அனுமதியுங்கள். பொறியாளர்கள் பட்டியலை மாற்றும் வேகத்துக்கு அந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டாக இருக்காது.